பெரட்டுக்களத்தில் ஒரு ஒயில் மாற்றம்

மூன்று வாரத்துக்கு முன்னால் சேர்விஸ் செய்து, பில்டரும் மாற்றியதாகக் காசு கட்டிய கார் அது. தோட்டத்து ரோட்டில் ஏறும்போது கல் ஒன்று அடியில் ‘டங்’கென்று இடித்தது. எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்ப் உடைந்திருக்குமோ என்ற பயத்தில் வீட்டு வாசலில் சாக்கை விரித்துப் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். சம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளிச்சம் பக்கத்திலிருந்த ஒயில் பில்டரில் பட்டதும் அங்கேயே நின்றுவிட்டது. அதன் மேல் செம்மண் ஓடாகக் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, அடியில் துருப்பிடித்த தகரம். மூன்று வாரத்தில் ஒரு பில்டர் அப்படி ஆகாது, அதுவும் மழையே இல்லாத மார்ச் மாதத்தில்.

பில்லைத் தேடி எடுத்தேன். ‘ஒயில் பில்டர் – 1’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் கோபப்படவில்லை. “வேலை செஞ்ச பொடியன் நின்னுட்டான் சேர், கொண்டு வாங்க, இப்பவே போட்டுத் தர்றோம்” என்றார். பில்டரை அவர் போட்டுத் தரலாம். எஞ்சினுக்குள்ளே எந்த ஒயிலை ஊற்றினார்கள் என்பதற்கு யார் பதில் சொல்வது? ஒயில் உள்ளே போன பிறகு அதன் பெயரை எந்த டோர்ச்சாலும் படிக்க முடியாது. பில்டர் விசயத்தில் பொய் இருந்தால் ஒயில் விசயத்தில் உண்மை இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. நானே செய்வது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

என்னுடையது 2004ஆம் வருசத்து டொயோட்டா கொரோலா, நம்ம ஆட்கள் 121 என்று சொல்வது. 1,497 சீசீ, 1என்இசட்-எப்ஈ எஞ்சின். 187,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். இந்த எஞ்சின் போனால் ஒரு ஆசிரியர் சம்பளத்தில் இன்னொன்று வாங்க முடியாது. ஒயில் விசயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் கார் கம்பனியின் ஏஜென்ட்டிடமே போவோமா என்று யோசித்தேன். அதற்கு முந்தின வருசம் ஒரு தடவை போயிருந்தேன், அந்தப் பில் கைவசம் இருந்தது. ஒயில் 17,200, பில்டர் 3,100, ஒயில் வடிக்கக் கழற்றுகிற சம்ப் நட்டின் வோஷர் 450, கூலி 4,800. கூட்டினால் 25,550. அதற்கு மேல் 18 சதவீத வற் 4,599. மொத்தம் 30,149 ரூபாய். ஆனால் இந்தத் தொகையோடு கணக்கு முடியாது. நோர்வூட் பக்கத்திலிருந்து ஹட்டன் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கிக் கொழும்புப் பக்கம் போய் வந்தால் 250 கிலோமீற்றருக்குக் குறையாது. லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர், பெற்றோல் லீற்றர் அப்போது 300 ரூபாய் என்ற கணக்கில் பார்த்தால் அதற்கே 7,500. ஒரு நாள் லீவும் போகும். ஆக ஒரு ஒயில் மாற்றத்துக்கு 37,000 ரூபாய்க்கு மேல்.

அங்கே செய்த வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காரை ஹொயிஸ்டில் தலைக்கு மேலே தூக்கி வைத்து, என்னையும் அடியில் கூப்பிட்டு, இடது பக்க அக்ஸில் பூட், அதாவது அச்சின் மூட்டை மூடுகிற ரப்பர் உறை, கிழிந்து கிரீஸ் தெறித்திருப்பதைக் காட்டினார்கள். அன்றைக்கு அதைப் பார்த்திருக்காவிட்டால் உள்ளே மண் போய் மூட்டே தேய்ந்திருக்கும். பூட் மாற்றியதோடு போயிற்று. வாசலில் சாக்கு விரித்துப் படுக்கிறவனுக்கு அந்தப் பார்வை கிடைக்காது. அதனால் வருசத்துக்கு ஒரு தடவை ஹொயிஸ்ட் உள்ள நல்ல இடத்துக்குப் போவதை நான் நிறுத்தப் போவதில்லை. நடுவில் வரும் ஒயில் மாற்றத்துக்கெல்லாம் மலை இறங்கி ஏற முடியாது, அவ்வளவுதான்.

டவுனில் செய்தால்? 4 லீற்றர் ஒயில் கேன் 15,800, பில்டர் 2,600, கூலி 1,500. இதில் நான் செய்தால் மிச்சமாவது அந்த 1,500 மட்டும். வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் வீட்டில் செய்தால் பாதிக் காசு மிச்சம் என்கிறார்கள். அங்கே மணிக்கூலி அதிகம், அதனால் மிச்சம். நம்ம நாட்டில் காசு போவது சாமானுக்கு. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒயிலின் விலைக்குப் பக்கத்தில் கூலி என்பது கண்ணுக்கே தெரியாத தொகை. அதனால் டவுன் சேர்விஸோடு ஒப்பிட்டு, காசு மிச்சம் பிடிக்கத்தான் இதைச் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

சாமான் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 14ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் 900, பில்டர் கழற்றும் பட்டி 1,800, ஜக் ஸ்டாண்ட் இரண்டு 9,000, வைத்த அளவு இறுகியதும் ‘கிளிக்’ என்று சொல்லும் டோர்க் ரென்ச் 14,500. மொத்தம் 26,200. தடவைக்கு 1,500 என்று கழித்துக்கொண்டு வந்தால் பதினெட்டாவது தடவையில்தான் முதல் மீளும். ஏஜென்ட்டோடு ஒப்பிட்டால் இரண்டாவது தடவையிலேயே மீண்டுவிடும். இரண்டு கணக்கும் உண்மைதான். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

டோர்க் ரென்ச் தேவையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அப்பாவே கேட்டார். அவர் முப்பது வருசம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். “நட்டை இறுக்கிற அளவு கைக்குத் தெரியணும் தம்பி, அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய சாமான்” என்றார். அவருடைய கைக்குத் தெரியும். என்னுடைய கை பிடித்தது சோக்கட்டியும் பேனாவும். சம்ப் நட்டை இறுக்க வேண்டிய 37.5 நியூட்டன் மீற்றர் எவ்வளவு என்று என் கைக்குத் தெரியாது.

ஒயில் வாங்கும்போது இரண்டு விசயம் பார்த்தேன். ஒன்று கேனில் 5டபிள்யூ-30 என்றும், தரத்துக்கு ஏபிஐ எஸ்என் அல்லது அதற்குப் பின் வந்த எஸ்பி என்றும் இருக்க வேண்டும். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்வது. எண் சின்னதென்றால் குளிரில் இலகு. நம்ம மலையில் தைமாதக் குளிருக்கு 10டபிள்யூ-30 போட்டாலும் எஞ்சின் நின்றுவிடாது, அந்த எண்கள் பூச்சியத்துக்குக் கீழே 25, 30 பாகைக் குளிரில் சோதித்துக் கொடுப்பவை. ஆனால் பழைய எஞ்சின் என்றால் தடித்த 20டபிள்யூ-50தான் நல்லது என்று கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கம்பனி சொன்னது 5டபிள்யூ-30. புகை தள்ளாத, ஒயில் குடிக்காத எஞ்சினுக்கு அதை மாற்ற நான் ஒரு காரணமும் காணவில்லை. இரண்டாவது, கேனின் சீல். மூடியைச் சுற்றிய வளையம் அறுந்திருந்தால், அடியில் அடித்த இலக்கம் அழிந்திருந்தால், விலை எவ்வளவு குறைவென்றாலும் வாங்கக் கூடாது.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவது என்பதில் மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். எனக்கு அதன் அடியில் தயிர் ஆடை மாதிரி வெளிர் மஞ்சளாக ஒரு பசை ஒட்டியிருந்தது. முதலில் பார்த்தபோது ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் ஒயிலில் கலந்துவிட்டதென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் பால் மாதிரிக் கலங்காமல் கறுப்பாகவே இருந்தது, ரேடியேட்டரில் தண்ணீரும் குறையவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நான்கு கிலோமீற்றர். காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்துக்குள்ளே புறப்பட்டு, எஞ்சின் சூடு ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். உள்ளே படிந்த ஈரம் ஆவியாகி வெளியே போக நேரமே கிடைப்பதில்லை. அது மூடியில் போய் ஒயிலோடு சேர்ந்து பசையாகிறது. தூரம் குறைவாக ஓடுகிற, ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மூச்சுப் பிடித்து ஏறுகிற, செம்மண் புழுதி குடிக்கிற காருக்கு 10,000 கிலோமீற்றர் கணக்குச் சரிவராது. 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது.

இனி இடம். மலைநாட்டில் இந்த வேலையின் முதல் சிக்கல் ஸ்பேனர் பிடிப்பதில் இல்லை, சமதரை கண்டுபிடிப்பதில். எங்கள் வாசல் ஒரு பக்கம் சாய்வு. லயத்து வீடுகளுக்கு முன்னால் உள்ள ரோடு இன்னும் சாய்வு. சாய்ந்த இடத்தில் ஜக் போட்டால் கார் நகரும், ஒயில் முழுசாக வடியாது, கம்பியில் காட்டும் அளவும் பொய். தோட்டத்தில் உண்மையாகச் சமமாக இருப்பது, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணிக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தண்ணீர் பாதி நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைத் தரையில் படுக்கவைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்தேன். நீர்க்கோடு போத்தலின் விளிம்போடு ஒத்துப் போனது.

களத்துக்குக் கீழே இருபது அடியில் பீலி இருக்கிறது. ஆறு குடும்பம் குடிக்க, சமைக்க எடுக்கிற தண்ணீர். அதனால் முதலில் விரித்தது சாக்கு இல்லை, தடித்த பொலித்தீன். அதன் மேல் பழைய பத்திரிகை, அதன் மேல் சாக்கு.

ஹட்டன் போய் வந்த சூட்டில் எஞ்சின் இருந்தது. கொதிக்கும் சூட்டில் கழற்றினால் கை வெந்துபோகும், ஆறிப்போனால் ஒயில் அடியிலேயே தங்கிவிடும். இருபது நிமிசம் விட்டோம். அதற்குள் ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் டயர் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் இரண்டையும் வைத்து இறக்கினேன். காரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஜக்கை மட்டும் நம்பி, அல்லது கருங்கல்லை அடுக்கிவைத்து அடியில் படுக்கிறவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஸ்டாண்ட் வாங்கக் காசு சேரும் வரை டவுனிலேயே செய்துகொள்ளுங்கள்.

மேலே ஒயில் மூடியைத் திறந்துவிட்டு அடியில் படுத்தேன். அப்பா பக்கத்தில் குந்தி டோர்ச் பிடித்தார்.

சம்ப் நட்டில் ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். “பொறு, பொறு” என்று அப்பா குனிந்து பார்த்தார். “எந்தப் பக்கம் திருப்பிற?” சரியான பக்கம்தான். அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி இரண்டடி பைப் ஒன்று எடுப்பித்து ஸ்பேனரில் மாட்டினார். “வெடுக்குன்னு இழுக்காத, உடம்பு பாரத்தைக் குடு.” மெதுவாகப் பாரத்தைச் சாய்த்தேன். ‘டிக்’ என்ற சத்தம், நட் விட்டது. அந்தச் சத்தத்தில் நட் அறுந்துவிட்டதென்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு கையால். இந்த இடத்தில் அப்பா சொல்லித் தந்தது எந்த வீடியோவிலும் நான் பார்க்காதது. மரை முடிகிற கடைசிச் சுற்றுகளில் நட்டை வெளியே இழுக்காமல் உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். மரை முடிந்தது விரலுக்குத் தெரியும். தெரிந்ததும் ஒரே வீச்சில் பக்கவாட்டில் எடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் கையில் ஒயில் வழியாது, நட்டும் தட்டுக்குள் விழாது. அதே மாதிரிச் செய்தேன். விரல் பருமனில் கறுப்பு ஒயில் வளைந்து போய்த் தட்டில் விழுந்தது. நாம் எதிர்பார்ப்பதை விடத் தள்ளித்தான் விழும். வேகம் குறையக் குறைய நூலாகி நேர் கீழே வரும். தட்டைக் கூடவே நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும்.

ஒயில் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கரியைப் பிடித்துவைத்துக்கொள்வதும் அதன் வேலைதான். நான் பார்த்தது மினுக்கம் இருக்கிறதா என்று. விரலில் தொட்டு வெயிலில் காட்டினேன். உலோகத்தூள் இருந்தால் மீன் செதில் மாதிரி மினுங்கும். ஒன்றும் இல்லை. அப்பாவும் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, மோந்தும் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

நட் நல்லாயில்லை. துடைத்துப் பார்த்தால் வோஷர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருந்தது. பழையதை எடுக்காமலே புதியதைப் போட்டு, கசியாமலிருக்க மூச்சுப் பிடித்து இறுக்கியிருக்கிறார்கள். முதல் மரையில் மெல்லிய கம்பிச் சுருள் மாதிரி உலோகம் உரிந்து தொங்கியது. இன்னும் இரண்டு தடவை அப்படி இறுக்கியிருந்தால் நட்டோடு சம்பின் மரையும் போயிருக்கும். நல்ல வேளை, டவுனில் கராஜ் வைத்திருக்கிற பாஸ் முதல் நாளே சொல்லியிருந்தார், நட் ஒன்றும் வோஷர் ஒன்றும் கையோடு வாங்கிக்கொண்டு போங்க என்று. நட் 600, வோஷர் 350. புது நட்டை வெறும் விரலால் சுற்றிப் பார்த்தேன். கடைசிவரை தடங்கலில்லாமல் போனது. சம்பின் மரை தப்பிவிட்டது.

பில்டருக்கு வந்தோம். பட்டியைப் போட்டு இழுக்க, செம்மண் ஓடு முகத்தில் உதிர்ந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பில்டரைக் கழற்றியதும் நான் முதலில் பார்த்தது அதன் ரப்பர் வளையத்தை. வளையம் பில்டரோடு வராமல் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் புதியதை மேலே போட்டுச் சுற்றியிருந்தால் இரண்டு ரப்பர் ஒன்றன் மேல் ஒன்று. ஸ்டார்ட் செய்த சில நிமிசத்தில் அழுத்தம் தாங்காமல் ஒயில் பீறிட்டு வெளியே வந்துவிடும். ரோட்டில் வைத்து நடந்தால் எஞ்சின் முடிந்தது. விரலால் வழித்து எடுத்து, துணியால் அந்த முகத்தைச் சுற்றித் துடைத்து, அப்பாவிடம் டோர்ச்சை இன்னும் கிட்டப் பிடிக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். புதிய பில்டரின் ரப்பரில் புது ஒயிலைத் தடவி, ரப்பர் தொடும் வரை கையால் சுற்றி, அங்கிருந்து முக்கால் சுற்று. அவ்வளவுதான். பில்டரை இறுக்க ஸ்பேனர், பட்டி எதுவும் வேண்டாம்.

சம்ப் நட்டைப் புது வோஷரோடு போட்டு டோர்க் ரென்ச்சை 37.5இல் வைத்து இழுத்தேன். ‘கிளிக்’ என்றது. எனக்கே நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த பலம். கழற்றும்போது இரண்டடி பைப் கேட்ட நட்டு அது. அப்பா ஸ்பேனரை வாங்கி ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். “இது போதும்” என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார்.

பில்டரோடு மாற்றும்போது இந்த எஞ்சினுக்கு 3.7 லீற்றர். 3.4 ஊற்றிவிட்டு, ஸ்டாண்டை எடுத்துக் காரை இறக்கி, ஸ்டார்ட் செய்தேன். ஒயில் லைட் இரண்டு மூன்று விநாடி எரிந்து அணைந்தது. ஒரு நிமிசம் ஓடவிட்டு அடியில் பார்த்தேன், நட்டும் பில்டரும் காய்ந்திருந்தன. நிறுத்தி, பத்து நிமிசம் கழித்துக் கம்பியைத் துடைத்துப் போட்டு இழுத்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். கேனில் மிஞ்சியதைச் சிறிய போத்தலில் அடைத்து டிக்கியில் வைத்தாயிற்று.

எல்லாம் முடிய பதினொன்றரை. டவுன் சேர்விஸ் ஸ்டேஷனில் அந்த ஞாயிறு வரிசையில் நின்றிருந்தாலும் அவ்வளவு நேரம் போயிருக்கும். சிவனொளிபாதமலை சீசன், நல்லதண்ணி போகிற வேன்களும் பஸ்களும் ஹட்டனை நிறைத்திருந்த நேரம்.

தட்டில் பழைய ஒயில் இருந்தது. இந்த ஒரு விசயத்தை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஏஜென்ட்டிடம் கொடுத்த காசில், டவுனில் கொடுத்த 1,500இல், இந்தக் கறுப்பு ஒயிலை நம் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போவதும் அடக்கம். நானே செய்தால் அது என்னுடையது.

பக்கத்து லயத்து மாமா ஒருவர் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து, “சேர் தம்பி, அந்தக் கழிவு ஒயில நமக்குக் குடுங்களேன். மாட்டுப் பட்டிக் கம்புக்குப் பூசினா கரையான் ஏறாது” என்றார். எல்லாரும் செய்கிற வேலை. அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் மாட்டுப் பட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பீலியின் தண்ணீர் ஊறி வருகிற மண்ணுக்கு மேலே. மே மாதம் மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. கம்பில் பூசியது கம்பிலேயே நிற்குமா?

“மாமா, பூசினா மழைக்கு இறங்கிடும். இறங்கினா நம்ம பீலிக்குத்தான் வரும்” என்றேன்.

“கொஞ்சூண்டு தானே?”

ஒரு தடவை மாற்றுகிற பழைய ஒயில் பத்து இலட்சம் கேலன் தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. அதை மாமாவிடம் சொல்லவில்லை. வேறு ஒன்றைக் காட்டினேன். கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் விரல் நுனியிலிருந்த ஒரு சொட்டை உதறினேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து வானவில் நிறத்தில் ஒரு படலம் பரவி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாளியின் ஓரம் வரை போய்விட்டது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “பேரப்புள்ளைங்க குடிக்கிற தண்ணி” என்றார் மெதுவாக. பட்டிக் கம்புக்குக் கடையில் விற்கிற மரப்பூச்சு ஒரு டின் அடுத்த சம்பளத்தில் நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அது என் கடன்.

பீலியோடும் முடிவதில்லை. அந்தத் தண்ணீர் ஓடையில் விழுந்து கெசல்கமு ஓயாவுக்குப் போகிறது. அங்கிருந்து காசல்ரீ நீர்த்தேக்கம். அதையும் தாண்டிப் போய் மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்தால் அதற்குப் பெயர் களனி கங்கை. அம்பத்தளையில் அதை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். மலையின் மேலே உட்கார்ந்திருக்கிற நாம் எதைக் கொட்டினாலும் அது கீழே இருக்கிற ஒருவருடைய குவளையை நோக்கித்தான் போகிறது.

ஒயிலைப் புனல் வைத்துக் காலிக் கேனில் ஊற்றினேன். லேபிளைக் கிழித்துவிட்டு, மார்க்கரால் ‘கழிவு ஒயில்’ என்று நான்கு பக்கமும் எழுதினேன். நல்ல கேன் என்று யாராவது எடுத்து எதையாவது நிரப்பிவிடக் கூடாது. பில்டரை ஆணியால் ஓட்டை போட்டு, இரவு முழுக்கத் தகர டின்னின் மேல் கவிழ்த்து வைத்தேன். காலையில் அரைக் கிளாஸ் ஒயில் வடிந்திருந்தது. சிந்திய பத்திரிகை, துணி எல்லாம் ஒரு பையில். பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தபோது களத்து மண்ணில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அன்றிரவு கார் அடியில் வீரகேசரித் தாளை விரித்து வைத்திருந்தேன். காலையில் பனி நனைத்த ஈரம் மட்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கேனையும் பையையும் பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவரிடம் கழிவு ஒயிலுக்கென்று மூடி போட்ட பீப்பாய் ஒன்று கூரைக்குக் கீழே நிற்கிறது. மாதம் ஒரு தடவை வாங்கிப் போகிறவர்கள் வருவார்கள், சூளையில் எரிக்கக் கொண்டுபோகிறார்கள் என்றார். ஊற்றும்போது அவரே புனலைப் பிடித்தார். பழைய சம்ப் நட்டை நீட்டினேன். இரண்டு வோஷரையும் உரிந்த மரையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், நானும் பொடியன்களுக்கு ஒரு டோர்க் ரென்ச் வாங்கித் தரத்தான் வேணும் போல” என்றார். அந்த நட்டை அவரிடமே விட்டு வந்தேன். அவர் அதை மேசைக்கு மேலே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

கொப்பியில் எழுதியிருப்பது: 2025 மார்ச், 187,420 கிலோமீற்றர். 5டபிள்யூ-30, 3.7 லீற்றர். பில்டர், நட், வோஷர் புதிது. அடுத்தது 192,420 அல்லது செப்டெம்பர். மாமாவுக்கு மரப்பூச்சு ஒரு டின்.